கொதிக்கும் எஞ்சினும் பொறுமையும்



தமிழகத்தை விட்டு மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் குடியேறி வாழும் நம்மவர்க்குக் கோடை விடுமுறை என்றால் ஊர்ப் பயணமே முதலில் நினைவுக்கு வரும். ரயிலில் இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காதபோது, வீட்டு வாயிலில் நிற்கும் பழைய வண்டியைத் துடைத்து, நான்கு சக்கரங்களுக்கும் காற்றடைத்து, பெட்டி படுக்கைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். காற்றைப் பார்க்கிறோம், எண்ணெயைப் பார்க்கிறோம், பிள்ளையாருக்குத் தேங்காயும் உடைக்கிறோம். ஆனால், அந்த வண்டியின் எஞ்சினைக் குளிர்வித்துக் காக்கும் தண்ணீரை எத்தனை பேர் பார்க்கிறோம்? அதைப் பற்றியே இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

நமது சொந்த அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குவது பொருத்தமாக இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குக் குடும்பத்தோடு புறப்பட்டோம். புனேயைக் கடந்து சாத்தாராவை நோக்கிச் செல்லும் பாதையில் கம்பாட்கி மலையேற்றம் என்று ஒன்று உண்டு. முன்னே சுமை லாரிகள் ஆமை போல் ஊர்ந்தன; நாமும் பின்னால் ஊர்ந்தோம். வெப்பத்தைக் காட்டும் முள் மெல்ல மெல்ல வலப்புறம் சாய்வதைக் கண்டோம். கண்டும், 'உச்சி வந்துவிட்டால் சரியாகிவிடும்' என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். உச்சிக்கு அரை மைல் இருக்கும்போது முன்மூடியின் இடுக்குகளிலிருந்து ஆவி கிளம்பியது. வண்டியை ஓரங்கட்டினோம். அவ்வழியே சென்ற லாரிக்காரர் ஒருவர், 'காடி கரம் ஹோ கயி' என்று சிரித்துவிட்டுப் போனார்.

உடன் வந்த மைத்துனர் இளைஞர், சுறுசுறுப்பானவர். வாய்க்கால் கரையில் பம்புசெட்டு ஓட்டிப் பழகியவர். தண்ணீர்ப் புட்டியை ஒரு கையிலும் துண்டை மறு கையிலும் எடுத்துக்கொண்டு இறங்கினார். "மாப்பிள்ளை, தொடாதே! கொஞ்சம் பொறு" என்று நாம் சொல்லி முடிப்பதற்குள், "ஒன்றும் ஆகாது அத்தான்" என்று கூறியவாறே ரேடியேட்டரின் மூடியைத் திருகிவிட்டார். வெந்நீரும் ஆவியுமாக ஒரு தூண் எழும்பியது. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை வெந்து போயிற்று. முகத்தைத் திருப்பியிருந்ததால் கண்கள் தப்பின. சாத்தாராவில் மருத்துவமனையைத் தேடி அலைந்த அந்த மதியத்தை எங்கள் வீட்டில் எவரும் மறக்கவில்லை. அவர் கையில் அதன் வடு இன்றும் இருக்கிறது.

அன்று நடந்தது விதியின் செயல் அன்று, வெப்பத்தின் செயல். அதன் இயல்பை அறிந்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திராது.

எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் காண்போம். சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து எரியும்போது, அந்த வாயுவின் வெப்பம் கணநேரத்திற்கு 2000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டுகிறது. பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியிருந்தும் பிஸ்டன் உருகாமல் நிற்பதற்குக் காரணம், வெப்பம் தங்க இடமின்றி உடனுக்குடன் வெளியேற்றப்படுவதே. நாம் விலை கொடுத்து வாங்கும் பெட்ரோலில் அடங்கிய வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் பழைய வண்டிகளில் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மீதியில் ஒரு பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. மற்றொரு பெரும்பகுதி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினின் உலோகச் சுவர்களில் ஏறுகிறது. அதை அகற்றும் பொறுப்பே குளிர்விக்கும் அமைப்பினுடையது.

அகற்றும் வழிகள் இரண்டு. ஒன்று, காற்றினால் நேரே குளிர்விப்பது. சென்னையில் 1955-ஆம் ஆண்டு முதல் பொருத்தப்பட்டு வந்த புல்லட் மோட்டார் சைக்கிளின் சிலிண்டரைச் சுற்றி மீன் செதில்கள் போன்ற தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். வெப்பம் அத்தகடுகளில் பரவிக் காற்றில் கலந்துவிடும். பழைய ஸ்கூட்டர்களில் எஞ்சின் மறைந்து இருப்பதால், சுழலும் சக்கரத்தோடு ஒரு விசிறியையும் இணைத்துக் காற்றைச் செலுத்தினார்கள்.

மற்றொன்று, தண்ணீரை இடையில் வைத்துக் குளிர்விப்பது. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடரும், மும்பைத் தெருக்களை நெடுங்காலம் ஆண்டு 2023 அக்டோபரில் டாக்சித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பத்மினியும் இவ்வகையின. சிலிண்டர்களைச் சுற்றியுள்ள உட்கூட்டில் தண்ணீர் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. மேற்குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, மெல்லிய குழல்களில் இறங்குகிறது. அக்குழல்களுக்கிடையே விசிறி இழுக்கும் காற்று பாய்ந்து அதைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த நீர் கீழ்க்குழாய் வழியே பம்பினால் மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தப்படுகிறது. 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் செய்யப்பட்ட ஃபோர்டு 'டி' வண்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தப் பம்பும் கிடையாது. வெந்நீர் மேலே எழும், தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை நியதியை நம்பியே அவை ஓடின.

அப்படியானால், எஞ்சின் எவ்வளவுக்குக் குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்று எண்ணத் தோன்றும். பலரும் அவ்வாறே எண்ணுகிறார்கள். அது தவறு. எஞ்சினுக்கும் நம் உடலைப் போலவே உரிய வெப்பநிலை ஒன்று உண்டு. பழைய நீர்க்குளிர் வண்டிகளில் அது பெரும்பாலும் 80 முதல் 95 டிகிரி சென்டிகிரேடு வரை. அதற்கு வெகுவாகக் கீழே இருந்தால், பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் சிலிண்டரின் சுவரில் படிந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எரிதலில் உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து, எண்ணெயோடு கலந்து, உலோகத்தை அரிக்கும். தேய்மானமும் கூடும், பெட்ரோல் செலவும் கூடும்.

இந்த நடுநிலையைக் காப்பதற்கென்றே தெர்மோஸ்டாட் என்னும் சிறு கருவி வைக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் மெழுகு அடைத்த ஒரு சிமிழ் உண்டு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது கதவைச் சாத்தி, தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுத்து, எஞ்சின் விரைவில் சூடேற உதவும். வண்டிக்கு வண்டி வேறுபட்டு, 74 முதல் 88 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து கதவைத் திறக்கும். மிகப் பழைய வண்டிகளில் மெழுகுக்குப் பதிலாக, எளிதில் ஆவியாகும் திரவம் நிரப்பிய துருத்தி ஒன்று இவ்வேலையைச் செய்தது.

நம் நாட்டுப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி சூடாகிறது என்று போய் நின்றால், 'இந்த ஊர் வெயிலுக்கு இது எதற்கு?' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். பழுதாகி மூடியே நின்றுவிட்ட கருவியைக் கழற்றினால் அப்போதைக்குக் குணம் தெரியும் என்பது உண்மையே. ஆனால் உரிய பரிகாரம் புதியது ஒன்றை வைப்பதுதான். அது இல்லாமலே ஓட்டினால், தில்லியின் சனவரிக் குளிரில் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டவே எட்டாது. சிலவகை எஞ்சின்களிலோ, தண்ணீர் ரேடியேட்டரை அடையாமல் சுற்றுவழியே திரும்பிவிடுவதால், கழற்றியதன் பயனாகவே சூடு ஏறுவதும் உண்டு.

பழைய தெர்மோஸ்டாட் வேலை செய்கிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். சமையலுக்குப் பயன்படாத ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒரு கம்பியில் அதைத் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே கதவு திறக்க வேண்டும். ஆறியதும் மூட வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அதை மாற்றிவிடுங்கள்.

இனி, அன்று மலைப்பாதையில் நம் மைத்துனரைச் சுட்ட மூடியிடம் வருவோம். ரேடியேட்டரின் மூடி, குடத்தின் மூடியைப் போன்றதன்று. பிரஷர் குக்கரின் மூடியைப் போன்றது. அதிலுள்ள வில் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரை ஆவியை உள்ளேயே அடக்கி வைக்கும். திறந்த பாத்திரத்தில் கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் அது ஏறக்குறைய 111 டிகிரி வரை கொதிக்காது. 15 பவுண்டு மூடியின் கீழ் 120 டிகிரி வரை கொதிக்காது. கொதிக்காத வரையில்தான் தண்ணீர் உலோகத்தோடு ஒட்டி ஓடி வெப்பத்தை எடுத்துச் செல்ல முடியும். கொதித்துவிட்டால் ஆவிக் குமிழிகள் இடையில் புகுந்து உலோகம் வறண்டுவிடும். அதனாலேயே இந்த ஏற்பாடு.

ஆனால் நினைத்துப் பாருங்கள். உள்ளே 110 டிகிரியில் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடி திறந்து அழுத்தம் நீங்கிய அக்கணமே என்ன செய்யும்? அந்த வெப்பத்தில் அது தண்ணீராகவே இருக்க இயலாது. அதன் ஒரு பகுதி உடனே ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து, எஞ்சிய வெந்நீரையும் வாரிக்கொண்டு மேலே பாயும். துண்டு ஒன்று அதைத் தடுக்காது. ஆகையால் நேயர்களே, இந்தப் பேச்சில் மற்றவற்றையெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் மறவாதீர்கள்: சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருந்து, மேற்குழாயைத் தொட்டுக் கை தாங்கும் அளவுக்கு ஆறிய பின்னரே, தடித்த துணியால் மூடி, முகத்தை அப்பால் வைத்துக்கொண்டு, முதல் நிலை வரை மட்டும் மெல்லத் திருக வேண்டும். சீறல் ஓய்ந்த பிறகே முழுதும் திறக்கலாம்.

தப்பித்தவறி எவருக்கேனும் வெந்துவிட்டால், உடனே குழாய் நீர் போன்ற குளிர்ந்த நீரை இருபது நிமிடம் அதன்மேல் ஓடவிடுங்கள். வளையல், மோதிரம், கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். பனிக்கட்டி வேண்டாம், பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். அன்று நம்மிடம் இருந்த ஒரு புட்டித் தண்ணீரை எஞ்சினுக்கென்று வைத்திருந்தோம். அது கைக்குப் பயன்பட்டது.

மலைப்பாதை பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் விரைவில் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிம்லாவிலும் நம் உதகையிலும் திறந்த பாத்திரத்தில் 93 டிகிரி அளவிலேயே தண்ணீர் கொதித்துவிடும். மூடியின் ரப்பர் தேய்ந்து அழுத்தம் நிற்காத வண்டி, சமவெளியில் ஒழுங்காக ஓடிவிட்டு மலையில் ஏறும்போது கொதிப்பது இதனாலேயே. ஏற்றத்தில் எஞ்சினின் உழைப்பு மிகுதி; வண்டியின் வேகமோ குறைவு; எதிர்க்காற்றும் குறைவு. பழைய வண்டிகளில் விசிறியையும் பம்பையும் எஞ்சினே பெல்ட்டினால் சுழற்றுகிறது. ஆதலால் மேல் கியரில் திணறிக்கொண்டு ஏறுவதைவிட, கீழ்க் கியருக்கு மாற்றி எஞ்சினைச் சற்று விரைவாகச் சுழலவிட்டு, ஆக்சிலேட்டரை மென்மையாக மிதித்து ஏறுவது நல்லது. விசிறியும் விரைந்து சுழலும். தண்ணீரும் விரைந்து ஓடும். நகரத்து நெரிசலில் நிற்கும்போதும் கியரை விடுவித்துச் சிறிதளவு ஆக்சிலேட்டர் கொடுப்பது இதே காரணத்தால் பயன் தரும்.

முள் வலப்புறம் சாயத் தொடங்கினால் என்ன செய்வது? குளிர்சாதனம் இருந்தால் நிறுத்துங்கள். வண்டியில் வெப்பமூட்டி இருந்தால், வியர்த்தாலும் பரவாயில்லை என்று அதை முழுதும் திறந்துவிடுங்கள். அது ஒரு சிறு ரேடியேட்டர். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியும் இறங்கவில்லையானால் தயங்காமல் ஓரங்கட்டுங்கள். தண்ணீர் ஒழுகாமல், பெல்ட் அறாமல் இருந்தால், இரண்டொரு நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பிறகு நிறுத்துவது நல்லது. உடனே நிறுத்தினால் தண்ணீரின் ஓட்டம் நின்று உலோகத்தின் சூடு மேலும் அதில் ஏறும். ஆனால் ஆவி கிளம்பினாலோ, தண்ணீர் ஒழுகினாலோ, பெல்ட் அறுந்தாலோ, அக்கணமே நிறுத்திவிடுங்கள்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. தண்ணீர் முழுதும் வெளியேறிவிட்டால், வெப்பத்தை உணரும் கருவி வெற்றிடத்தில் நின்று, முள் இறங்கிவிட்டதுபோல் பொய் சொல்லக்கூடும். முள் ஏறி, பின்னர் காரணமின்றி விழுந்தால், ஆபத்து நீங்கியது என்று மகிழாதீர்கள், இன்னும் ஐயுறுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரைச் சட்டென்று ஊற்றுவதும் கூடாது. சூடேறிய கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் ஊற்றினால் என்ன ஆகுமோ, அதுவே வார்ப்பிரும்புக்கும் ஆகலாம்.

எச்சரிக்கையை அலட்சியம் செய்து ஓட்டியவர்கள் பட்டறையில் காணும் காட்சி ஒன்று உண்டு. எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினால், பால் கலந்த தேநீர் நிறத்தில் எண்ணெய் வரும். சூட்டினால் சிலிண்டர் தலைப்பகுதி வளைந்து, இடையிலுள்ள காஸ்கெட் கெட்டு, தண்ணீரும் எண்ணெயும் கலந்துவிட்டன என்பதன் அடையாளம் அது. சூடேறிய பின்னும் புகைக்குழாயில் ஓயாத வெண்புகை வருவதும் அதுபோன்ற குறியே. வாடகை வண்டி ஓட்டிப் பிழைப்பவர்க்கு அது சில வார வருமானத்தை விழுங்கும் பழுது.

எங்கள் வண்டி கொதித்ததற்குக் காரணம் என்ன? சாத்தாராவில் ரேடியேட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் குழல்களில் பாதிக்கு மேல் வெள்ளைப் படிவால் அடைபட்டிருந்தன. நாம் குடியிருந்த அடுக்குமாடியின் ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்தோம். உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் படியும் அதே சுண்ணப் படிவு அது. வெப்பத்தைக் கடத்தாது, தண்ணீரையும் ஓடவிடாது. குற்றம் வண்டியுடையது அன்று; நம்முடையதே. ராஜஸ்தானத்திலும் தில்லியின் பல பகுதிகளிலும் ஐதராபாத்திலும் நிலத்தடி நீர் கடினமானது. அங்கு வாழும் அன்பர்கள் இதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும்.

வடித்தெடுத்த நீரோடு கூலண்ட் என்னும் திரவத்தைக் கலந்து ஊற்றுவதே முறை. எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த அத்திரவத்தைத் தண்ணீரோடு சரிபாதி கலந்தால், கொதிநிலை சில டிகிரி உயரும், உறைநிலை ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 37 டிகிரிக்கு இறங்கும், துருவும் தடுக்கப்படும். காசுமீரத்திலும் இமாசலத்திலும் பணிபுரியும் நம்மவர்க்கு இது இன்றியமையாதது. தண்ணீர் உறையும்போது விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். ஆனால் அத்திரவம் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. குழந்தைகளும் நாய்களும் எட்டாத இடத்தில் வையுங்கள். தரையில் சிந்தினால் கழுவிவிடுங்கள்.

பயணத்திற்கு முந்திய நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கால் மணி நேரம் செலவிடுங்கள். தண்ணீரின் மட்டத்தைப் பாருங்கள். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கே அமுங்க வேண்டும். விளிம்பில் நூல் பிரிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். ரப்பர்க் குழாய்களை அழுத்திப் பாருங்கள். கூழாகவும் இருக்கலாகாது, வெடிப்புகளோடு விறைத்தும் இருக்கலாகாது. ரேடியேட்டரின் முகப்பில் ஒட்டிய பூச்சிகளையும் சேற்றையும் மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவுங்கள். மூடியின் ரப்பர் வளையத்தைப் பாருங்கள். வண்டியில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீரும் ஒரு பெல்ட்டும் இருக்கட்டும். அதோடு, வழக்கமான நாளில் உங்கள் வண்டியின் முள் எங்கே நிற்கிறது என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு வண்டி அது சற்று மாறும். தன் வண்டியின் வழக்கத்தை அறிந்தவரே அது மாறும்போது முதலில் உணர்வார்.

நம் மைத்துனர் இப்போதும் ஒவ்வொரு கோடையிலும் எங்களோடு ஊருக்கு வருகிறார். புறப்படுமுன் வண்டியின் முன்மூடியைத் தூக்கி எல்லாவற்றையும் பார்ப்பவர் அவரே. கம்பாட்கி ஏற்றத்தின் அடியில் தேநீர் அருந்தி, எஞ்சினுக்கும் சற்று ஓய்வளித்த பின்னரே ஏறுகிறோம். ஊர் போய்ச் சேர அரை மணி தாமதமாகிறது. அதனால் எவருக்கும் குறையில்லை.

உங்கள் பயணங்களும் இடையூறின்றி அமைவதாக.